திருப்பதிக்குப் போயிருக்கிறான் என்று சொல்லிக்கொள்ளலாம்

1

போன வாரம் புத்தூரிலிருந்து ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வந்தது. பேசியவள் புவனா. ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரியில் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்குக்கூட அழைத்துப் பேசியதில்லை. நான் ஷெஃபீல்டில் வேலை முடிந்து டிராமுக்காக நின்றுகொண்டிருந்தேன். மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது; இந்த ஊரில் அது வழக்கம். குளிரா என்றாள், குளிர்தான் என்றேன். அங்கே வெயிலா என்றேன், வெயில்தான் என்றாள். அதற்குப் பிறகுதான் குரலைத் தாழ்த்தினாள்.

“உன் தம்பிய எங்கியோ சேர்த்தியாமே? அந்த எடத்துப் பேரு சொல்லேன்.”

“யாருக்குடி?”

“வேற யாருக்கு? எங்க வூட்டுக்காரருக்குத்தான்.” பிறகு கேட்டாள்: “ஊருக்குத் தெரியாம பண்ற எடம்தானே அது?”

டாக்டர் இருக்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. எத்தனை நாள் என்றும் கேட்கவில்லை. முதல் கேள்வியே ஊருக்குத் தெரியாதே என்பதுதான். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாங்களும் அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்பினோம். அது எங்களை எங்கே கொண்டுபோய் விடப் பார்த்தது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு வைத்திய இடம் நல்ல இடமா என்பது அங்கே வேலை செய்கிற ஆட்களைப் பொறுத்தது. ஆட்கள் போய்விட்டால் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சும். அதனால் எப்படித் தேடினோம், எங்கே வழுக்கினோம் என்று மட்டும் சொல்கிறேன். என் தம்பி சேகரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதிக்கோ. போட்டோ மட்டும் போடாத” என்றான்.

2

சேகர் என்னைவிட இளையவன். ஏகாம்பரகுப்பத்தில் அவனுக்கு ஒரு விசைத்தறிக் கொட்டகை உண்டு, லுங்கித் தறி ஓட்டுகிறான். மனைவி லதா, பெண் காவ்யா. எங்கள் அப்பா, நைனா என்போம், இறந்தபிறகு தறிகள் அவனுடையவை ஆயின; நான் அதற்கு முன்பே கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

அவன் எப்போது குடிக்க ஆரம்பித்தான் என்று யாருக்கும் தெரியாது. எப்போது நிறுத்த முடியாமல் போனது என்பது லதாவுக்குத் தெரியும். எல்லை ஊரில் குடிகாரனுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஆந்திராவில் விலை ஏறினால் தமிழ்நாட்டுக் கடை, அங்கே கடை மூடினால் இங்கே. இரண்டு அரசாங்கமும் சேர்ந்து ஒரே நாளில் மூடினால் ஒழிய அவன் வண்டி வீட்டில் நிற்காது. காலையில் கை நடுங்கும். கொஞ்சம் உள்ளே போனால்தான் அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட முடியும். “வேலை செய்யறதுக்குத்தான் குடிக்கிறேன்” என்பான். அதில் பொய்யில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

இங்கே என்னோடு வேலை செய்கிற ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒருநாள் மனம் தாங்காமல் “என் தம்பி குடிக்கிறான்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். “என் தம்பியும்தான், கண்ணு” என்று சிரித்துவிட்டுத் தேநீரைக் கலக்கினாள். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஊரில் இருக்கிற கனம் இங்கே இல்லை. நான் சொன்னது என்னவென்று விளக்க இன்னும் நாலு வாக்கியம் தேவைப்பட்டது. நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஊருக்குப் போக விடுப்பு கேட்டதும் அப்படித்தான் முடிந்தது. மேலாளர் நல்லவர். விதிகளைத் திரையில் பார்த்துக்கொண்டே கேட்டார்: “உங்கள் தம்பி உங்களைச் சார்ந்து வாழ்பவரா?” இல்லை என்றேன். “உயிருக்கு ஆபத்தான நோயா?” எனக்கு ஆம் என்று சொல்லத் தோன்றியது. என்ன நோய் என்று அடுத்துக் கேட்பாரே என்று பேசாமல் இருந்தேன். என் வருஷாந்திர விடுப்பு அதற்கு முன்பே மகனைப் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டதில் தீர்ந்திருந்தது. ஆகவே தம்பிக்கு இடம் தேடுகிற வேலையை மதிய இடைவேளைகளில், போனில்தான் செய்தேன்.

3

அதற்கு முந்தின கார்த்திகையில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஐயப்பனுக்கு மாலை போடுவது. மாலை கழுத்தில் இருக்கும்வரை தொடமாட்டார்கள். வருஷத்தில் அந்த ஒரு மண்டலம்தான் பல பெண்கள் நிம்மதியாகச் சமைக்கிற காலம். சேகரும் போட்டான். லதா எனக்குப் போன் செய்து, “அண்ணி, சாமிக்கு நாஷ்டா பண்ணிக்கினு கீறேன்” என்றபோது அவள் குரலே வேறாக இருந்தது. வீட்டுக்காரனை அவள் சாமி என்றது எனக்குச் சிரிப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் குருசாமி வீட்டில் பஜனை. சரண கோஷம் உச்சத்தில் இருந்தபோது சேகர் விழுந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. “சாமி வந்துடுச்சு” என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கற்பூரம் ஏற்றினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். லதா காலில் விழுந்து கும்பிட்டாள். நிமிர்ந்தபோதுதான் வாயோரம் ரத்தம் வழிவதைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான்.

ஆட்டோவில் போட்டுப் புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த டாக்டர் திட்டவில்லை. இத்தனை வருஷம் தினமும் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் ஃபிட்ஸ் வரும், உயிரே போகலாம் என்றார். நிறுத்த வேண்டும், ஆனால் டாக்டர் இருக்கிற இடத்தில் வைத்து, மருந்து கொடுத்து நிறுத்த வேண்டும் என்றார். சேகர் மாலையைக் கழற்றினான். தோஷம் என்று பயந்து முன்னைவிட அதிகமாகக் குடித்தான்.

ஆக, எங்களுக்கு இருந்த சிக்கல் இதுதான். குடித்துக்கொண்டே இருந்தால் சாவான். தப்பான இடத்தில் நிறுத்தினாலும் சாவான். நல்ல இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

4

தேடினால் முதலில் வந்தது திருப்பதி ஊரோரத்தில் இருக்கிற ஒரு மறுவாழ்வு மையம். இணையதளத்தில் பச்சைப் புல், யோகா செய்கிறவர்கள், பின்னால் மலை. சேஷாசலம் எங்கிருந்து படம் பிடித்தாலும் நன்றாக விழும். கீழே ஐந்து நட்சத்திர மதிப்பீடுகளாகக் கொட்டியிருந்தன. எல்லாப் பாராட்டும் ஒரே ஆள் எழுதியதுபோல இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

போனை எடுத்தவர் மேனேஜர் என்றார். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். “மேடம், மீரு ஒண்ணும் டென்ஷன் ஆகாதீங்க. அந்தா மேமே சூஸ்குண்டாம்.” எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். வெளிநாட்டில் இருக்கிறவள் காதுக்கு அதைவிட இனிமையான வாக்கியம் கிடையாது.

“அவன் வர ஒத்துக்கணுமே?”

“அவர ஏன் கேக்கறீங்க? டைம் மட்டும் சொல்லுங்க. வேன் வரும், நம்ம பசங்க நாலு பேர் வருவாங்க. தூக்கத்துல இருக்கும்போதே ஏத்திக்குவாங்க. உங்க கண்ணுக்கு எதிர்ல எதுவும் நடக்காது.”

“ஊர்ல கேட்டா?”

அவர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த சிரிப்பு. “அதுக்குத்தானே மேடம் திருப்பதியில வெச்சிருக்கோம். வந்ததும் எல்லாருக்கும் மொட்டை. டிஸ்சார்ஜ் அன்னிக்கு மறுபடியும் மொட்டை, கையில லட்டு. பஸ் ஸ்டாண்டுல எறங்கி நடந்தா யாரு இன்னா கேப்பாங்க? பெருமாளுக்கு வேண்டுதல், சேவைக்குப் போய் தங்கிட்டார்னு சொல்லிக்கலாம். கோவிந்தான்னு கையெடுத்துக் கும்பிடுவாங்க.”

என்ன யோசனை பாருங்கள்! மொட்டைத் தலையைப் பார்த்து எங்கே போனாய் என்று கேட்கிறவன் எங்கள் தாலுகாவிலேயே கிடையாது. காவ்யாவுக்கு அப்போது நாராயணவனத்திலிருந்து ஒரு வரன் பேச்சில் இருந்தது. அப்பா குடிக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று லதா தினமும் அழுதுகொண்டிருந்தாள். நான் இந்த ஏற்பாட்டைச் சொன்னதும், “பெருமாளே வழி காட்டிட்டார் அண்ணி” என்றாள்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று முழுக்க வேலை சுளுவாக ஓடியது.

5

அந்த வாரம் என் மகன் பரத் ஒரு படம் போட்டிருந்தான். அவன் கிளாஸ்கோவில் படிக்கிறான். நண்பர்கள் நடுவில், கையில் பெரிய பீர் கோப்பை, வாயெல்லாம் பல். நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகத்தை அல்ல, கோப்பையில் எவ்வளவு மிச்சம் என்பதை.

“இன்னாடா இது?” என்று போன் செய்தேன்.

“ஒரே ஒரு பைன்ட்தாம்மா. எல்லாரும்தான்.” பாதிக்குமேல் ஆங்கிலம். “மாமாவுக்கு இருக்கறது நோய். நான் சோஷியல். நீ ரெண்டையும் மிக்ஸ் பண்ணாத.”

அவனுக்கு சேகரைத் தெரியாது என்றே சொல்லலாம். விடுமுறைக்குப் போனால் சேகர், “துன்னியா ராஜா?” என்பான், இவன் என்னைப் பார்ப்பான், சாப்பிட்டாயா என்று கேட்கிறான் என்று நான் மொழிபெயர்ப்பேன். தன் தாய்மாமனின் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டிய பிள்ளை, மாமனின் நோயைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்தான். அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு போனை வைத்தேன்; பிறகு, “சாப்பிட்டியா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

6

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். தங்கள் அப்பாவையோ அம்மாவையோ சேர்க்க இடம் தேடி வருகிற குடும்பங்களைத் தினமும் பார்க்கிறேன். சிலர் திரைச்சீலையையும் தோட்டத்தையும் பார்த்துவிட்டுப் போவார்கள். சிலர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் வந்து நிற்பார்கள், கழிவறையைப் பார்ப்பார்கள், ராத்திரி யார் இருப்பீர்கள், விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். எங்கள் மேலாளர் இரண்டாவது வகையைக் கண்டால் தானே எழுந்து வந்து கூடவே நடப்பார். என் வீட்டு ஆளுக்கு இடம் தேடினால் நான் இரண்டாவது வகையாகத்தான் இருப்பேன் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தம்பிக்குத் தேடும்போது முதல் வகையாக இருந்துவிட்டேன் என்பது ஒரு சாயங்காலம் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. மறுநாள் மதியம் மேனேஜரை மறுபடி அழைத்தேன்.

“அவனுக்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கு. ராத்திரி வந்தா யார் பாப்பாங்க?”

“டாக்டர் ஆன் கால்ல இருக்கார் மேடம்.”

“டாக்டர் பேரு?”

“பேரு எதுக்கு மேடம்?”

“நர்ஸ்?”

“நம்ம பசங்க இருக்காங்களே. அவங்களும் இங்க பேஷன்டா வந்து நல்லானவங்கதான். எல்லாம் தெரியும். ரிசல்ட் நூத்துக்கு நூறு மேடம், கேரண்டி.”

“நடுவுல வீட்டாளுங்க வந்து பாக்கலாமா?”

“அதான் வேணாம். பார்த்தா அழுவாங்க, கூட்டினு போன்னுவாங்க. ட்ரீட்மென்ட் கெட்டுப் போயிடும்.” பிறகு குரலை மாற்றினார். “உங்களுக்கு நம்பிக்கை வரல, புரியுது. இப்பவே வீடியோ அனுப்பறேன், நீங்களே பாருங்க.”

உடனே வந்தது. ஒரு நீளமான கூடம். சுவரோரமாக வரிசையாக ஆண்கள், எல்லோரும் மொட்டை, எல்லோருக்கும் ஒரே நிற டீஷர்ட். கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்தது.

நாலாவதோ ஐந்தாவதோ ஆளை எனக்கு அடையாளம் தெரிந்தது. ஊரில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. அவர் பெயரை எழுதமாட்டேன். சின்ன வயசில் எங்கள் தெரு முனையில் கபடி ஆடும்போது தொடையைத் தட்டினால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். சூரத்துக்குத் தறி வேலைக்குப் போயிருக்கிறார் என்று அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கேமரா தன்னிடம் வருகிறது என்று தெரிந்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அவர் மோவாயைப் பிடித்து நிமிர்த்தியது.

அதற்குமேல் பார்க்கவில்லை. வீடியோவை அழித்தேன்.

நான் யார் என்றுகூட அந்த மேனேஜருக்குத் தெரியாது. வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு பொம்பளை பேசுகிறாள், அவ்வளவுதான். என்னை நம்பவைக்க அந்த மனிதரை எனக்குக் காட்டினார்கள். நாளைக்கு இன்னொருத்தியை நம்பவைக்க என் தம்பியைக் காட்டுவார்கள். ரகசியம் காப்பது என்று அவர்கள் சொன்னதன் லட்சணம் இது. ஊருக்குத் தெரியக் கூடாது என்று நாங்கள் பட்ட பதைப்பைத்தான் அவர்கள் கடைச்சரக்காக வைத்திருந்தார்கள். வைத்தியம் என்ற சரக்கு உள்ளே இருந்ததா என்பதே சந்தேகம்.

லதாவுக்குப் போன் செய்து, அந்த இடம் வேண்டாம் என்றேன். அழுதாள். ஏன் என்று கேட்டாள். பார்த்ததை அவளிடமும் சொல்லவில்லை. “ராத்திரி டாக்டர் இல்ல” என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

7

அடுத்தது சித்தூர். புத்தூர் டாக்டரையே மறுபடி போய்க் கேள் என்று லதாவிடம் சொன்னேன். அவர் ஒரு மனநல மருத்துவர் நடத்துகிற சின்ன இடத்தைச் சொன்னார். இணையதளம் கிடையாது. போனை எடுத்தவர் கவுன்சலர், ஒரு பெண். நூத்துக்கு நூறா என்று கேட்டுப் பார்த்தேன்.

“அப்பிடி யாராவது சொன்னா அங்க போவாதீங்கம்மா” என்றார். “நெறைய பேரு திரும்பக் குடிப்பாங்க. திரும்ப வருவாங்க. வந்தா திட்டாம சேத்துக்குவோம். அவ்ளோதான் நாங்க சொல்ல முடியும்.”

ஒரு வியாபாரி இப்படிப் பேசமாட்டான் என்று தோன்றியது. ஆனாலும் இந்த முறை வாய்ப்பேச்சை நம்புவதாக இல்லை. லதாவிடம், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன். “கக்கூசையும் பார்.”

“கக்கூஸ் பாக்கறதுக்கா என்னை சித்தூருக்கு அனுப்பற?” என்று கேட்டாலும் போனாள். சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே அழைத்தாள். “கிளீனாத்தான் கீது அண்ணி. மேல ஒரு மாடி, கட்டில் போட்டு வெச்சிக்கினு கீறாங்க. நர்ஸம்மா ராத்திரியும் இருக்குமாம். பதிவு பண்ண சர்டிபிகேட்ட செவுத்துல மாட்டிக்கீறாங்க, டாக்டர் பேரோட. குழாயாண்ட ஒரு அம்மா கேரியர் கழுவிக்கினு இருந்துச்சு, ஊரு வெதுருகுப்பமாம். அதும் புருஷன் உள்ள கீறானாம். தெனம் வந்து பாக்குதாம், யாரும் வேணான்னு சொல்லலியாம்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா ஒண்ணு அண்ணி. அவரே வந்து, சேத்துக்குங்கன்னு அவர் வாயால சொல்லணுமாம். தூக்கிக்கினு வந்தா சேத்துக்க மாட்டாங்களாம்.”

அவனைக் கேட்பதைத்தான் நாங்கள் யாருமே செய்திருக்கவில்லை. அவன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட அவனைக் கேட்டோம். இதற்குக் கேட்கவில்லை.

லதாதான் கேட்டாள். காலையில், அவன் கொஞ்சம் நிதானத்தில் இருக்கிற நேரம் பார்த்து. மரியாதையெல்லாம் தூரப் போட்டுவிட்டுப் பேசியதாகப் பிறகு சொன்னாள். “உனக்கு இழுத்துக்கினு கெடந்தப்ப சாமின்னு நெனச்சிக் கால்ல வுழுந்து கும்புட்டேன். இன்னொரு வாட்டி என்னால கும்புட முடியாது.”

அவன் எழுந்து உட்கார்ந்தானாம். பிறகு, “வேன் வருமா?” என்று கேட்டானாம். அப்போதுதான் தெரிந்தது, வேன் கதையெல்லாம் அவன் காதுக்கு எப்போதோ வந்திருக்கிறது. பல நாளாக அந்தப் பயத்தில்தான் கதவைத் தாழிட்டுப் படுத்திருக்கிறான்.

“வேன் வராது. பஸ்லதான் போவணும். நானும் வரேன்.”

“அப்ப போலாம்.”

கிளம்புகிற காலையிலும் குடித்துவிட்டுத்தான் ஏறினான். டாக்டர் பார்க்கும்வரை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று கவுன்சலர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் வாடை தாங்காமல் முன் சீட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள். லதா சித்தூர்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஏகாம்பரகுப்பத்து ஆட்கள் இரண்டு பேர் அதே பஸ்ஸில் இருந்தார்கள். எங்கே என்று கேட்டார்கள். “ஆஸ்பத்திரிக்கு” என்றாள். என்ன உடம்புக்கு என்றார்கள். சொன்னாள்.

நாராயணவனத்து வரன் அதற்குப் பிறகு வரவில்லை. காரணமும் சொல்லவில்லை. காவ்யா இப்போது திருப்பதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு பார்க்கிறாள். அந்த மாப்பிள்ளை போனதில் அவளுக்கு வருத்தமில்லை என்கிறாள். லதாவுக்கு இன்னும் இருக்கிறது.

8

சேர்த்து ஒரு வாரம் போனபிறகு, மதிய இடைவேளையில் சித்தூருக்குப் போன் செய்தேன். அதே கவுன்சலர்.

“சேகர் எப்படி இருக்கான்?”

“யாரு பேசறீங்கம்மா?”

“அவன் அக்கா. இங்கிலாந்துலேருந்து. முன்னாடிகூட உங்ககிட்ட பேசினேனே.”

“ஞாபகம் இருக்கும்மா. ஆனா நீங்க கேக்கறவர் இங்க இருக்காரா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது.”

“அவன அங்க அனுப்பினதே நான்தாம்மா!”

“இருக்கலாம்மா. யார்கிட்ட பேசலாம்னு அவங்கதான் சொல்லணும். அவங்க சொன்ன ஆளுகிட்டத்தான் நாங்க பேசுவோம்.” குரலில் கடுமை இல்லை. அசைவும் இல்லை.

போனை வைத்துவிட்டு நின்றேன். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை தேடி, இத்தனை பேரிடம் பேசி, கடைசியில் நான் யாரோ. கோபம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அடங்கியபிறகு, இந்தப் பெண் வாயிலிருந்து என் தம்பியைப் பற்றி யாரும் ஒரு சொல் வாங்க முடியாது என்பது புரிந்தது. அப்படிப்பட்ட இடத்தைத்தான் நான் தேடினேன். தேடியது கிடைத்துவிட்டது, வலிக்கத்தான் செய்தது.

லதாவிடம் கேட்டேன். அவள் பெயரைச் சொல்லியிருக்கிறான். என் பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லதா பார்க்கப் போனபோது, அவள் போனிலிருந்து அவனே கூப்பிட்டான். குரல் மெலிந்திருந்தது. ஆனால் வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று இடிக்காமல் வந்தன. அப்படி அவன் பேசிக் கேட்டுப் பல வருஷமாகிவிட்டது.

“உன் பேர நான்தான் குடுக்கலக்கா. கோச்சிக்கினியா?”

“கோச்சிக்கினேன்” என்றேன். “ஏன்டா குடுக்கல?”

“எனக்கு முன்னாடியே எல்லாருக்கும் என் சேதி தெரிஞ்சிடுது. நான் எங்க வுழுந்து கெடக்கறேன்னு எனக்கே ஊர்தான் சொல்லுது. நீ அவ்ளோ தூரத்துல கீற. உனக்காவது என் வாயால சொல்லித்தான் தெரியணும்.”

“சரி, சொல்லு” என்றேன்.

“நேத்து ரொம்ப வேணும்னு இருந்திச்சுக்கா. ஒடம்பு பூரா கேட்டுது. சாயங்காலம் கீழ எறங்கி வாசல் கேட்டாண்ட போயி நின்னேன். எதுர்ல ரோடு. கொஞ்ச தூரத்துலயே பிராந்திக் கடை.”

“பூட்டியிருந்துச்சா?”

“இல்லக்கா. கேட்டு தெறந்துதான் இருந்திச்சு. யாரும் புடிக்கல.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் மேல போயி துன்னுட்டு படுத்துக்கினேன்.”